கொடுவாவுக்கு எந்த ரப்பர் மீன்? ஜிக் ஹெட், வீட்லெஸ், ரெடிமேட், நேர்வால் – நாலையும் வச்சு ஒரு ஒப்பீடு

"அண்ணா, ராட் வாங்கிட்டேன், 3000 சைஸ் ரீல் வாங்கி பிரெய்டும் சுத்தியாச்சு, இப்ப கையில 1500 ரூபா மிச்சம் இருக்கு, கொடுவாவுக்கு எந்த ரப்பர் மீன் வாங்கட்டும்?" இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருது. (ரப்பர் மீன்னா மீன் வடிவத்துல மெத்துனு செஞ்ச பொய் இரை, பிரெய்டுன்னா பின்னின நரம்பு.) கேக்குறவங்க எல்லாரும் கூடவே நாலு போட்டோவும் அனுப்புறாங்க, எல்லாத்துலயும் கலர் தான் வேற வேற. முத்து வெள்ளையா, கிளிப்பச்சையா, சிவப்புத் தலையான்னு.

எனக்குத் தெரிஞ்சு கலரையும் கம்பெனியையும் கடைசில பாத்துக்கலாம். முள்ளு, அதாவது தூண்டில் கொக்கி, வெளிய நிக்கணுமா உடம்புக்குள்ள மறையணுமா, ஈயம் தலையில இருக்கணுமா வயித்துல இருக்கணுமா, இந்த ரெண்டு கேள்விக்குத்தான் முதல்ல பதில் வேணும். அந்தப் பதில் கடையில கிடைக்காது, நீங்க நின்னு வீசப்போற தண்ணியில தான் இருக்கு.

நான் சொல்றது எல்லாம் நம்ம கிழக்குக் கடற்கரை உப்பங்கழிகளுக்கு. முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரம், எண்ணூர், பழவேற்காடு, தெக்க போனா பிச்சாவரம் மாதிரி தண்ணி. மீன்னு பாத்தா முக்கியமா கொடுவா, கூடவே செப்பிலி, பாறை மீன், சீலா. ஏரியில விரால் பிடிக்கிறவங்களுக்கும் ஒரு பகுதி உதவும், அந்த இடத்துல சொல்றேன்.

எதை வச்சு எடை போடுறது

முதல் விஷயம், அடியில என்ன இருக்கு. வெறும் மணலா, சேறா, சிப்பி ஒட்டின பாறையா, பாலத்துத் தூணா, அலையாத்தி வேரா. மாட்டிக்கிட்டு அறுந்து போற ஒவ்வொரு தடவையும் காசு போகுது, அதை விட முக்கியம் லீடர் (பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல கட்டுற தடிச்ச நரம்பு) கட்டி முடிக்கிறதுக்குள்ள மீன் கடிக்கிற அந்தப் பத்து நிமிஷம் போயிடும்.

அடுத்து தண்ணி எவ்வளவு கலங்கல். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் உப்பங்கழி டீ கலர்ல இருக்கும், அப்ப கொடுவா கண்ணால தேடுறத விட உடம்போட பக்கவாட்டுல ஓடுற உணர்வுக் கோட்டுல தெரியுற அதிர்வ வச்சு தான் இரைய கண்டுபிடிக்குது, அதனால தண்ணிய தள்ளுற வால் வேணும். தெளிஞ்ச தண்ணியில அதே துடிப்பு கொஞ்சம் ஓவரா போயிடும்.

மூணாவது, கடிச்ச மீன்ல எத்தனை நிஜமா முள்ளுல ஏறுது. கொடுவா பல்லால கவ்வுற மீன் இல்ல, வாயத் திறந்து தண்ணியோட சேத்து ஒரே உறிஞ்சு, டப்புனு ஒரு சத்தம் வரும், பிடிக்கலன்னா அதே வேகத்துல துப்பிடும். அந்த ஒரு நொடியில முள்ளு வாயில பதியணும்.

நாலாவது பேத்தை, உடம்ப ஊதிக்கிற அந்த மீன். இத யாரும் கணக்குலயே எடுத்துக்க மாட்டேங்குறாங்க, ஆனா நம்ம கழிமுகத்துல ரப்பர் மீனுக்கு பெரிய எதிரி இது தான். கிளி மூக்கு மாதிரி மேல ரெண்டு கீழ ரெண்டு பல்லு, சின்னதா ரெண்டு டக் டக், இழுத்துப் பாத்தா வால் கத்தரிக்கோல் வச்சு வெட்டின மாதிரி போயிருக்கும். சீலாவும் இதே வேலைய செய்யும், ஆனா அது எப்பவாவது, பேத்தை தினமும்.

கடைசியா மொத்தச் செலவு. பாக்கெட் விலைய சொல்லல, ஒரு நாள் முழுக்க வீசி முடிச்சு வீட்டுக்கு வரும்போது எவ்வளவு போச்சுங்கிற கணக்கு.

1. ஜிக் ஹெட்ல பேடில் டெயில் (முள்ளு வெளிய)

தலையில ஈயம், முதுகு வழியா முள்ளு வெளிய நிக்கும், பின்னாடி குதிரைக் குளம்பு மாதிரி வட்ட வால். சும்மா மெதுவா சுத்தினாலே வால் ஆடும், உடம்பும் இடது வலதா உருளும், மடவைக் குட்டி நீந்துற மாதிரியே இருக்கும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது இதைத்தான், ஏன்னா கைக்கு எந்த வித்தையும் தெரியத் தேவையில்ல, ரீல ஒரே சீரா சுத்தத் தெரிஞ்சா போதும்.

முள்ளு ஏறுறதுல நாலுலயும் இது தான் முதல் இடம். வெளிய நிக்கிற முள்ளு, நடுவுல தடை எதுவும் இல்ல, கொடுவா உறிஞ்சின உடனே பதிஞ்சிடும். 4 இஞ்ச் உடம்புக்கு 4/0 சைஸ் முள்ளு சரியா வரும். தண்ணி ஒண்ணு ரெண்டு மீட்டர் ஆழம்னா 7 கிராம், வத்தும்போது, அதாவது கழித் தண்ணி கடலுக்கு இறங்கும்போது, இழுப்பு ஜாஸ்தியா இருந்தா 10 இல்ல 14 கிராம். அடியத் தொடுறது கையில தெரியுற அளவுக்கு எடை இருந்தா போதும், அதுக்கு மேல போட்டா மீன் மாதிரி இல்லாம கல்லு மாதிரி விழும். இன்னொண்ணு, கொடுவா மேல குதிச்சு தலைய உதறும்போது கனமான தலை ஊசலாடி முள்ளு ஓட்டைய பெருசாக்கி கழண்டுடும், 14 கிராமுக்கு மேல போனவங்களுக்கு இந்த வலி நல்லா தெரியும்.

மறைஞ்சிருக்கிற செலவு சிப்பிப் பாறையில. பாலத்துத் தூணுக்குப் பக்கத்துல வீசினா ஜிக் ஹெட் வரிசையா போகும். நான் ஒரு நாள் காலைல வெறும் ரெண்டு மணி நேரத்துல ஏழு இழந்திருக்கேன், எல்லாம் ஒரே பாறை, தண்ணி வத்தினப்புறம் போய் பாத்தா அங்க சிப்பி மேல யார் யாரோ விட்ட நரம்பு எல்லாம் தோரணம் கட்டின மாதிரி தொங்குது. மனசு கஷ்டமாயிடுச்சு. அன்னைல இருந்து அந்த இடத்துல வெளி முள்ளு போடுறதே இல்ல.

இன்னொரு செலவு, மலிவு ஜிக் ஹெட்ல வர்ற மெலிசு முள்ளு. ரெண்டு கிலோ கொடுவா தூணச் சுத்தி ஓடும்போது டிராக் (ரீல்ல நரம்பு வெளிய ஓடுறத பிடிக்கிற பிரேக்) டைட் பண்ணினா முள்ளு நேரா நிமிர்ந்துடும். வாங்குறப்பவே குறடால லேசா வளச்சுப் பாருங்க, சுலபமா வளைஞ்சா அத வச்சிட்டு வாங்க.

எங்க பெஸ்ட்: மணல் அடி, சேத்து அடி, முகத்துவாரத்து ஓரம், பாலத்துல இருந்து தள்ளி இருக்கிற திறந்த தண்ணி, மழைக்கப்புறம் கலங்கல்.

2. வீட்லெஸ் (முள்ளு உள்ள)

இது வேற மாதிரி முள்ளு, கழுத்துல ஒரு மடிப்பு, இல்லன்னா மூக்குல திருகு கம்பி. முனை ரப்பரோட முதுகுத் தோலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், எடை வேணும்னா முள்ளோட வயித்துப் பக்கம் ஒரு சின்ன ஈயம். வேர் மேல ஏறி இறங்கி, பாசி நடுவுல நுழைஞ்சு வெளிய வரும். மீன் கடிச்சதும் ரப்பர் நசுங்கி முனை வெளிய வரும், அது தான் தத்துவம்.

அலையாத்திக் காட்டு வாய்க்கால்ல செப்பிலிக்கு வீசணும்னா இத விட்டா வேற வழியே இல்லன்னு நான் நெனைக்கிறேன். செப்பிலி வேருக்குள்ள தான் உக்காந்திருக்கும், வெளிய வந்து தேடாது, வேர் ஓரம் ஒரு சாண் தூரத்துல விழணும், அங்க வெளி முள்ளு விழுந்தா மீன் கடிக்கிறதுக்கு முன்னாடி வேர் கடிச்சிடும். (பிச்சாவரம் மாதிரி இடத்துல காப்புக்காடு இருக்கு, வனத்துறை கிட்ட கேட்டுட்டு எங்க அனுமதியோ அங்க மட்டும் வீசுங்க.)

குறை என்னன்னா முள்ளு ஏறுறது கம்மி. ரப்பர் நசுங்கணும், முனை வெளிய வரணும், அப்புறம் தாடையில குத்தணும், மூணு வேலை. அதனால ராட் கொஞ்சம் விறைப்பா வேணும், வளையுற மெலிசு ராட்ல வீட்லெஸ் போட்டா பத்து கடிக்கு அஞ்சு தவறும். கடி தெரிஞ்ச உடனே தூக்கக் கூடாது, ஒரு சுத்து சுத்தி நரம்பு டைட் ஆனதும் பலமா ஒரு இழுப்பு. இது பழகுறதுக்கு நாலஞ்சு டிரிப் ஆகும்.

உடம்புல முள்ளு கோக்குறதுல தப்பு பண்ணினா எல்லாம் வீண். ரப்பர முள்ளு பக்கத்துல வச்சு முனை எங்க வெளிய வரணும்னு நகத்தால ஒரு கோடு போட்டுட்டு அப்புறம் குத்துங்க. கோணலா போச்சுன்னா மீன் சுழலும், பிரெய்டு முறுக்கிக்கும், அன்னைக்கு பூரா சிக்கு எடுக்குற வேலை தான்.

ஏரி குளத்துல அல்லி இலை நடுவுல விரால் பிடிக்கிறவங்களுக்கும் இது ஒத்து வரும், ஈயம் இல்லாம வெறும் முள்ளோட, இலை மேல இழுத்து ஓரத்துல விட்டா போதும். விரால் வாய் உள்ள எலும்பு, அதனால இழுப்பு இன்னும் பலமா வேணும். ஆனா இலை ரொம்ப அடர்த்தியா இருக்கிற இடத்துல ரப்பர் தவளையே மேல்.

எங்க பெஸ்ட்: வேர், தூண், சிப்பிப் பாறை, பாசி. முள்ளு விலை அதிகம், ஆனா அதே முள்ளு பல டிரிப் வரும்.

3. ரெடிமேட் சுவிம்பெய்ட் (ஈயம் உள்ளயே வச்சது)

கவரப் பிரிச்சா கட்டி வீசிடலாம். ஈயம் உடம்புக்குள்ள, முதுகுல ஒரு முள்ளு, சிலதுல வயித்துலயும் ஒரு மூணுமுள்ளு, கண்ணு, செதில் பளபளப்பு எல்லாம் நிஜ மீன் மாதிரியே இருக்கும். ஸ்டார்ம் வைல்டுஐ மாதிரி மாடல் ரொம்ப வருஷமா எல்லா ஊர்லயும் ஓடுது. கனமா இருக்கிறதால தூரம் போகும், கடற்கரை அலைக்கு வெளிய வீசணும்னா, பாலத்து மேல இருந்து ஆழத்துக்கு விடணும்னா நல்லாவே வேலை செய்யும். கோக்கத் தெரியாதவங்களுக்கு நிம்மதி, கோணல்ங்கிற பேச்சே இல்ல.

ஆனா எனக்கு இதுல மனசு ஒட்டல, காரணம் பேத்தை. வால் போச்சுன்னா மொத்த சாமானும் போச்சு, உடம்ப மட்டும் மாத்த முடியாது. எடையையும் மாத்த முடியாது, வத்தம் நின்னு தண்ணி அசையாம நிக்கும்போது கொஞ்சம் லேசா போடலாம்னு பாத்தா வேற சைஸ் வாங்கி வச்சிருக்கணும். சில கவர்ல வால் மடங்கியே வரும், நீந்தும்போது ஒரு பக்கமா சாயும். அதுக்கு ஒரு வழி இருக்கு, கொதிச்ச தண்ணிய கிண்ணத்துல ஊத்தி வால அரை நிமிஷம் முக்கி நேரா பிடிச்சு பச்சத் தண்ணியில விட்டா சரியாயிடும்.

மூணுமுள்ளு இருக்கிற மாடல்னா நான் அதை கழட்டிடுவேன். திருப்பி விடுற மீனுக்கு வாய் கிழியும், நம்ம கைக்கும் ஆபத்து.

4. நேர்வால் ஜெர்க் ஷேட்

வட்ட வால் இல்ல, மெலிசா நீண்ட உடம்பு, கடைசில ஊசி மாதிரியோ சின்ன பிளவு மாதிரியோ வால். சும்மா சுத்தினா ஒண்ணுமே நடக்காது, செத்த குச்சி மாதிரி வரும். ராட் நுனிய ரெண்டு தட்டு தட்டி நிறுத்தினா அடிபட்ட நெத்திலி மாதிரி பக்கவாட்டுல வெட்டி அப்புறம் மெதுவா சாஞ்சு கீழ இறங்கும், அந்த இறங்குற நேரத்துல தான் கடி. நரம்பு தளர்வா இருக்கிறதால கடி கையில தெரியாது, நரம்பு ஒரு பக்கமா நகர்றத கண்ணால பாக்கணும்.

தை மாசி பங்குனில தண்ணி தெளிஞ்சு, மீன் பின்னாடியே வந்து பாத்துட்டு திரும்பிப் போற நாள் இருக்கும் பாருங்க, அன்னைக்கு பேடில் டெயில் தோத்த இடத்துல இது ஜெயிக்கும். ராத்திரி பாலத்து லைட் வெளிச்சமும் நிழலும் சேர்ற கோட்டுல கொடுவா நிழல் பக்கம் நின்னு வெளிச்சத்துல வர்ற சின்ன மீனப் பாத்துக்கிட்டு இருக்கும், அந்தக் கோடு தாண்டி மேல வீசி இழுப்போட இறக்கி விட்டா கூட போதும். பேத்தைக்கும் இதுல கடிக்க ஆடுற வால் இல்ல, அதனால கொஞ்சம் தப்பிக்கும்.

முதல் சாமானா இத வாங்காதீங்க. நேரம் கொடுத்து பழகணும், லேசா இருக்கிறதால காத்துல தூரம் போகாது, முட்டுக்காட்டுல மத்தியானம் கடல்காத்து ஏறின அப்புறம் கையில எடுக்கவே வேண்டாம்.

ஒரே பார்வையில

| | ஜிக் ஹெட் | வீட்லெஸ் | ரெடிமேட் | நேர்வால் |
|---|---|---|---|---|
| முள்ளு ஏறுறது | ரொம்ப நல்லா | சுமார், பழகணும் | நல்லா | கோக்குற விதத்தப் பொறுத்து |
| வேர், பாறை நடுவுல | மாட்டும் | தப்பிக்கும் | மாட்டும் | வீட்லெஸ்ஸா கோத்தா தப்பிக்கும் |
| கலங்கல் தண்ணி | நல்லா | நல்லா | நல்லா | சரிப்படாது |
| தெளிஞ்ச தண்ணி | சுமார் | சுமார் | சுமார் | ரொம்ப நல்லா |
| தூரம் | நல்லா | சுமார் | ரொம்ப நல்லா | கம்மி |
| வால் போனா இழப்பு | உடம்பு மட்டும் | உடம்பு மட்டும் | எல்லாம் | உடம்பு மட்டும் |
| புதுசா வர்றவங்களுக்கு | சுலபம் | கொஞ்சம் கஷ்டம் | ரொம்ப சுலபம் | கஷ்டம் |

காசு கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், அதனால ஒரு கணக்குக்கு வச்சுக்கலாம். பேடில் டெயில் ஒரு உடம்பு 60 ரூபா, ஜிக் ஹெட் 40, வீட்லெஸ் முள்ளு 70, ரெடிமேட் ஒண்ணு 100. ஒரு நாள்ல பேத்தை ரெண்டு வால் வெட்டுது, மூணு தடவ பாறையில மாட்டி அறுக்குதுன்னு வைங்க. ஜிக் ஹெட்னா வாலுக்கு 120, அறுந்ததுக்கு உடம்பும் தலையும் சேத்து 300, மொத்தம் 420. ரெடிமேட்னா அஞ்சும் போச்சு, 500. வீட்லெஸ் அதே இடத்துல மூணுக்கு ஒண்ணு தான் அறுந்துச்சுன்னா வாலுக்கு 120, அறுந்த ஒண்ணுக்கு உடம்பும் முள்ளும் சேத்து 130, வெறும் 250. கடையில விலை அதிகமா தெரியுற முள்ளு பாறை இடத்துல மலிவா முடியுது.

இதையே மணல் அடியில போட்டுப் பாத்தா கதை மாறிடும். அங்க எதுவும் மாட்டாது, அப்ப வீட்லெஸ்ஸால மிச்சம் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, தவற விட்ட மீன் தான் கணக்குல ஏறும்.

ரப்பர்லயே ரெண்டு ஜாதி

பொதுவா கிடைக்கிறது பிவிசி. 1949ல அமெரிக்காவுல ஓஹையோ பக்கம் ஆக்ரன்ல நிக் கிரீம் வினைல காய்ச்சி புழு வார்த்ததுல இருந்து வர்ற வழி இது. மெத்துனு இருக்கும், நல்லா ஆடும், சீக்கிரம் கிழியும். இன்னொண்ணு டிபிஇங்கிற வேற பிளாஸ்டிக், இசட்மேன் கம்பெனிக்காரங்க எலாஸ்டெக்னு பேர் வச்சு விக்கிறது இந்த ஜாதி தான், ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும், பேத்தை கடிச்சாலும் பல தடவை தாங்கும். தண்ணியில மிதக்கும் வேற, அதனால ஜிக் ஹெட்ல போட்டு அடியில நிறுத்தினா தலை கீழ, வால் மேல தூக்கி நிக்கும், சேத்துல மேயுற குட்டி மீன் மாதிரி. நம்ம கழிமுகத்துக்கு டிபிஇ விலை கூட இருந்தாலும் கொடுக்கலாம்னு தான் என் கட்சி.

ஆனா ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டுடாதீங்க. ஒண்ணோட ஒண்ணு பட்டா உருகி ஒரே கூழா ஒட்டிக்கும். நான் ஒரு சித்திரை மாசம் கலந்து போட்டு பைக் பெட்டியில வச்சிட்டு மறந்துட்டேன், எட்டு பீஸ் ஒரே கட்டி. அதே மாதிரி சில பிளாஸ்டிக் டப்பாவையே பிவிசி அரிச்சிடும், வந்த கவர்லயே வச்சிருங்க. பிவிசி தலைப்பக்கம் கிழிஞ்சா ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஜிக் ஹெட்டோட ஒட்டிக்கலாம், டிபிஇல அது சரியா பிடிக்காது. பெர்க்லி கல்ப் மாதிரி வாசனை ரப்பர் இன்னொரு வகை, கடி நல்லா வரும், ஆனா வெயில்ல முள்ளோட அப்படியே விட்டா காஞ்சு கட்டை ஆயிடும், அப்புறம் பிளேடு போட்டு தான் எடுக்கணும்.

கிழிஞ்ச துண்ட தண்ணியில போடாதீங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன். மீன் முழுங்கினா செரிக்காது, வயித்துல ஊறி பெருசாகும். ஒரு சின்ன கவர் இடுப்புல தொங்க விட்டா போதும்.

அப்ப 1500க்கு என்ன

முட்டுக்காடு, எண்ணூர் மாதிரி மணலும் பாறையும் கலந்த இடம்னா 4 இஞ்ச் பேடில் டெயில் ரெண்டு பாக்கெட், ஒண்ணு வெள்ளை இல்ல வெள்ளி, ஒண்ணு கருப்பு மாதிரி அடர்த்தி, பத்து உடம்பு 600. 7 கிராம் ஜிக் ஹெட் ஆறு, 10 கிராம் நாலு, 400. வீட்லெஸ் முள்ளு 4/0 நாலு, 280. ஒரே உடம்ப ரெண்டு முள்ளுலயும் கோக்கலாம், திறந்த தண்ணியில ஜிக் ஹெட், தூண் பக்கம் போனா கழட்டி வீட்லெஸ். மிச்சம் 220க்கு லீடருக்கு 40 எல்பி (40 பவுண்டு இழுப்பு தாங்குற) நைலான் நரம்பு. கொடுவா செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, பிரெய்ட நேரா கட்டினா ஒரே உதறல்ல போயிடும்.

முழுக்க அலையாத்தி வாய்க்கால்ல மட்டும் வீசப் போறீங்கன்னா ஜிக் ஹெட் நாலு போதும், மிச்சத்த வீட்லெஸ் முள்ளுல போடுங்க. வெறும் கடற்கரை அலையில வீசுறவங்க ரெடிமேட் மூணு வாங்கிக்கோங்க, அங்க பாறை இல்ல, தூரம் தான் முக்கியம். நேர்வால் பாக்கெட்ட முதல் பத்து மீனுக்கு அப்புறம் யோசிக்கலாம்.

பெரிய கொடுவா ஏறிச்சுன்னா இன்னொண்ணும் மனசுல வைங்க. கொடுவா குட்டியில ஆணா இருந்து வளர்ந்தப்புறம் பெண்ணா மாறுற மீன், அதனால அஞ்சு ஆறு கிலோவுக்கு மேல வர்றது அனேகமா முட்டை போடுற தாய். ஒத்த முள்ளு ரப்பர் மீனோட பெரிய நல்லது இங்க தான், தண்ணிக்குள்ளயே வச்சு குறடால முள்ள திருப்பினா வாய் கிழியாம கழண்டுடும், வயித்துக்கு அடியில கைய வச்சு தண்ணி வர்ற திசைக்கு முகத்த காட்டி பிடிச்சிக்கிட்டே இருங்க, வால தானே அடிச்சு உங்க கைய விட்டு போற வரைக்கும்.